நிறைத்துக் கொடுத்த இலை ஊதி

1

இந்த நாட்டில் இலையை ஊதித் தள்ளுவதற்கென்று ஓர் இயந்திரம் இருக்கிறது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் அளக்கிறேன் என்று நினைக்கக் கூடாது என்பதற்காக முதலிலேயே வல்லாஹி என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் நீளமான ஒரு குழாய், பின்னால் தேங்காய் அளவில் ஓர் எஞ்சின், அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பெற்றோல் தாங்கி. கயிற்றை இழுத்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், குழாய் வழியாகக் காற்றுச் சீறும், எதிரே கிடக்கிற இலையெல்லாம் ஓடும். எங்கே ஓடும் என்று மட்டும் கேட்கக் கூடாது. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான்.

ரொறன்ரோவில் இருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். நான், மனைவி ஹபீபா, பதினைந்து வயது மகள் ரிஃப்கா. கல்முனைப் பசாரில் பதினொரு வருஷம் புடவைக்கடையில் துணி கிழித்தவன் இங்கே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் வெட்டுகிறேன். ஹபீபாவுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ரிஃப்காவுக்கு எங்களைத் திருத்துகிற வேலை.

நம்முடைய ஊர் மரங்கள் மரியாதையானவை. மாவும் பலாவும் வேம்பும் இன்றைக்கு நாலு, நாளைக்கு ஆறு என்று இலையைப் போடும். இங்கே உள்ள மேப்பிள் மரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூன்று கிழமைக்குள் உடுத்திருந்த எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு நிற்கும். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், ஊர் வழக்கப்படி எல்லாவற்றையும் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்தேன். பத்து நிமிஷத்தில் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்தப் புகையோடு போய்விட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டில் இருந்து நெட்டையான ஒரு வெள்ளைக்காரர் செருப்போடு ஓடி வந்தார். அதற்கு முன்னால் நானும் அவரும் ஒரு வார்த்தை கதைத்தது இல்லை. "இவர் என் நண்பர். சட்டம் தெரியாது. இனிச் செய்ய மாட்டார், நான் பொறுப்பு" என்று வந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நான் ஹரால்ட். உங்களுக்கு ஓர் இலை ஊதி தேவை" என்றார்.

அடுத்த வருஷத்தில் இருந்து நாலு வருஷம் அவருடைய ஊதிதான் எங்கள் முற்றத்துக்கும்.

2

ஹரால்ட் நாற்பது வருஷம் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவருடைய கராஜில் இருந்து கயிறு இழுக்கிற சத்தம் வரும், அதன் பின்னாலேயே ஒரு வசவு வரும். ஊதி ஸ்டார்ட் ஆகாது. இரண்டு மூன்று நாட்கள் அதைப் பிரித்து மேசையில் பரப்பிக்கொண்டு இருப்பார். பிறகு மூக்கு நுனியில் கிறீஸோடு வேலிக்கு வந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டுவார். தன் முற்றத்தை முடித்துவிட்டு நவம்பரில் எனக்குத் தருவார். நான் என் முற்றத்தை முடித்து, ஊதியைத் துடைத்து, தாங்கி நிறையப் பெற்றோல் ஊற்றி, டிசம்பரில் பனி கொட்டுவதற்கு முன்னால் திருப்பிக் கொடுப்பேன். அடுத்த ஒக்டோபரில் மறுபடியும் கயிறு, மறுபடியும் வசவு.

இந்த மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த கிழமை எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதே கிழமையில்தான் ஹரால்ட் மௌத்தானார். ஒரு நாள் முழுக்க ஊர்ச் சொந்தங்களோடு சிரித்துக் கதைத்துவிட்டு, சாயந்தரம் கறுப்புக் கோட் மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தையும் துக்கத்தையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு நடந்தது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

மார்கரெட்டுக்கு எழுபத்தாறு வயது. பெயர் சொல்லியே கூப்பிடு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். எனக்கு வாய் வராது. மிஸஸ் மார்கரெட் என்பேன். இடுப்பில் வலி, குனிய முடியாது. மூலைக் காணி, ஐந்து மேப்பிள் மரம். நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற மகன் கிரெக் கெட்ட பிள்ளை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் தாய்க்குப் போன் எடுப்பான். தகப்பன் போன பிறகு தாய் தனியாக இருப்பதை நினைத்து அவனுக்கு நித்திரை இல்லை. முதியோர் இல்லத்தில் ஓர் அறை பார்த்து, படிவத்தையும் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அதற்கு மார்கரெட் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். நவம்பர் முதல் ஞாயிறு நீ வா. உன் தகப்பனுடைய ஊதியை வைத்து இந்த முற்றத்தை நானே தனியாகத் துப்புரவாக்கிக் காட்டுகிறேன். காட்டினால் இந்தப் பேச்சை விடு. முடியாவிட்டால் உன் கண்முன்னால் கையெழுத்துப் போடுகிறேன். கிரெக்கும் சம்மதித்துவிட்டான்.

படிவம் என்றால் எங்கள் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். அகதி விண்ணப்பத்தில் இருந்து குடியுரிமை வரைக்கும் நிரப்பியவன். சுனாமிக்குப் பிறகு தங்கச்சி குடும்பத்துக்கான நிவாரணப் படிவத்தைக்கூட இங்கிருந்து போனிலேயே ஒவ்வொரு கட்டமாகச் சொல்லி நிரப்ப வைத்திருக்கிறேன். மார்கரெட்டின் படிவத்தையும் வாசித்துச் சொல்லப் போனேன். "உடன் கொண்டுவர விரும்பும் பொருட்கள்" என்று ஒரு கட்டம். அதில் அவர் பென்சிலால் "ஓர் இலை ஊதி" என்று எழுதியிருந்தார். கீழே சின்ன எழுத்தில், எரிபொருள் இயந்திரங்களுக்கு அனுமதி இல்லை என்று அச்சடித்திருந்தது. இரண்டையும் வாசித்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

"நாங்க வந்து கூட்டித் தாறமே" என்று ஹபீபா தன் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். மார்கரெட் கேட்கவில்லை. "நீங்கள் கூட்டினால் எனக்கு நல்ல அயலவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தெரியும். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஹபீபா என்னிடம் சொன்னாள்: "எங்கட இல்லத்தில ஒரு கொறையும் இல்ல. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து. ஆனா இந்த மனிசி அங்க வந்தா நான்தான் காலைல அவக்கு உடுப்பு மாத்தணும். என்னால ஏலா. அந்த மெசின எப்பிடியாவது ஓட வெச்சிக் குடுங்க."

3

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஊதியை எங்கள் கராஜுக்குத் தூக்கி வந்தேன். கயிற்றை இழுத்தேன். ஒரு செருமல்கூட இல்லை. இருபது தடவை இழுத்தேன். நாற்பது தடவை இழுத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி இழுத்தேன், சொல்லாமலும் இழுத்தேன். குலுக்கினேன், தலைகீழாகப் பிடித்தேன். தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது. போன டிசம்பரில் நான் நிறைத்துக் கொடுத்ததுதான். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பழுது பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனேன். பெற்றோல் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்றேன். அங்கிருந்த பையன் காஸா என்று கேட்டான். இங்கே பெற்றோலுக்குக் காஸ் என்று பெயர். பன்னிரண்டு வருஷமாகியும் எனக்குக் காஸ் என்றால் சமையலறையில் நிற்கிற சிலிண்டர்தான். அவன் பின்னால் கையைக் காட்டினான். சுவர் நீளத்துக்கு ஊதிகள் வரிசையாகப் படுத்திருந்தன. மூன்று கிழமை ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மறுபடியும் இழுத்தேன். ரிஃப்கா கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் சுற்றுச்சூழல் குழுவின் செயலாளர். இந்த ஊதிகளைத் தடை செய்யச் சொல்லி நகரசபைக்குக் கடிதம் எழுதி, நூறு பேரிடம் கையெழுத்து வாங்கியவள்.

"வாப்பா, அது ஓடாம இருக்கிறது பூமிக்கு நல்லது" என்றாள்.

"பூமிய நாளண்டைக்குக் காப்பாத்துவம் மகள். முதல்ல பக்கத்து வீட்டக் காப்பாத்துவம்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். கிண்டல் பண்ணுவதற்கு மட்டும்தான் இந்தப் பிள்ளைக்குத் தமிழ் வருகிறது. அதற்காவது வருகிறதே என்று ஹபீபா சொல்லுவாள்.

4

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊருக்குப் போன் எடுத்தேன். அங்கே மாலை ஐந்தரை, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன். தங்கச்சியின் கணவன் ஜவ்பர் கல்முனைக்குடியில் கடல் தொழில் செய்கிறவன். என் வயதுதான். ஒரே வகுப்பில் படித்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். அவன் கடற்கரையில் நின்றான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். என்ன, வெள்ளனவே எடுத்திரிக்காய்?"

"வ அலைக்கும் ஸலாம். மச்சான், இஞ்ச ஒரு எஞ்சின் ஸ்டாட் ஆகுதில்ல."

"ஒனக்கென்னடா எஞ்சினோட வேல? நீ புடவக்கட மனிசன்."

"இல ஊதுற மெசின் மச்சான்."

"என்ன ஊதுற?"

"இல. மரத்தில இருந்து விழுற இல. காத்தடிச்சி ஒதுக்குற."

 அவன் யாரிடமோ, "டேய், கனடாவில காத்துக்கும் எஞ்சின் பூட்டிரிக்காங்களாம்!" என்று கத்தினான். அங்கே நாலைந்து பேர் சிரிப்பது எனக்குக் கேட்டது. "இஞ்ச வாடக் காத்து சும்மா அள்ளிக்கிட்டுப் போகுது. ஒரு சாக்கில கட்டி அனுப்பட்டா?"

அவன் மே மாதத்தில் இருந்து இப்படித்தான் இருக்கிறான். எதைச் சொன்னாலும் சிரிப்பு. "இப்ப கடலுக்குப் போக ஒரு பாசும் இல்ல, கேள்வியும் இல்ல மச்சான். நெனச்ச நேரம் தள்ளுறம், நெனச்ச நேரம் வாறம்" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது மாதிரிச் சொல்லுவான். நானும் புதிதாகக் கேட்பது மாதிரிக் கேட்பேன். கேட்க எனக்கு அலுக்கவே இல்லை.

மார்கரெட்டின் கதையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"போனக் கிட்ட வெச்சிட்டு இழு. கேப்பம்."

இழுத்தேன்.

"மறுகா இழு... ம். கயிறு நல்லா இரிக்கு. பிளக்கக் கழட்டு. ஈரமா, காஞ்சதா?"

"காஞ்சிரிக்கு."

"பிளக்க வயரில பூட்டி, இரும்பில முட்டிப் புடிச்சிட்டு இழு. பொறி வருதா?"

நீலமாக ஒரு பொறி வந்தது. சொன்னேன்.

"நெருப்பு இரிக்கு. அப்ப எண்ணெய்தான் போகுதில்ல. பிளக் ஓட்டைக்குள்ள புதுப் பெற்றோல் ரெண்டு சொட்டு உடு. பூட்டிட்டு இழு."

உள்ளே விட்டு, பூட்டி, இழுத்தேன். ஊதி இரண்டு விநாடி உறுமியது, செத்தது. நான் துள்ளிவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஜவ்பரும் கூவினான்.

"ஆள் உசிரோடதான் இரிக்கான்! காபரேட்டர்தான் அடச்சிக் கிடக்கு. டேங்கில கிடக்கிறத ஒரு போத்தலில ஊத்திப் பாரு. என்ன நிறம்?"

"தேயிலச் சாயம் மாதிரி."

"மணம்?"

"பழைய பெயின்ட் டின்ன தொறந்த மாதிரி."

"எவ்வளவு காலம் கிடந்த?"

"போன டிசம்பரில இருந்து."

"அல்லாவே! பெற்றோல் கிடந்தா பிசினாகிப் போகும், அது சின்ன ஓட்டையெல்லாம் அடைக்கும். மாசக் கணக்கில படுக்கப் போற எஞ்சினுக்கு டேங்க நிறச்சி வெச்ச மடயன் ஆருடா?"

5

போத்தலைக் கீழே வைத்தேன். நாலு வருஷமும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நாலு டிசம்பர், நான் நிறைத்த நாலு தாங்கி, ஹரால்ட்டின் மூன்று ஒக்டோபர், நாலாவது என் கையில். அந்த மனிதர் குளிரில் குனிந்து நின்று பிரித்துப் பூட்டியதெல்லாம் என்னால்.

வாங்கிய பொருளை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். பெருநாளைக்கு நாங்கள் வட்டிலப்பம் அனுப்பிய பாத்திரம் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் ஒரு வீட்டில் இருந்து பொங்கலோடு வரும். ஒரு வருஷம் பாதையெல்லாம் பிரச்சினையாகி, பாத்திரம் போனது போனதுதான் என்று உம்மா மறந்துவிட்டா. எட்டு மாதம் கழித்து, அந்த வீட்டு மனிதர் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். உள்ளே பத்து முட்டை, வைக்கோல் சுற்றி. அப்படிப்பட்ட ஊரில் இருந்து வந்தவன், தீயணைப்பு வண்டிக்கு முன்னால் என்னை நண்பன் என்று சொன்ன மனிதருடைய பொருளை எப்படி வெறுமையாகக் கொடுப்பது?

அது போதாது என்று இன்னொரு கூத்தும் இருந்தது. ஊரில் பெற்றோலுக்குப் போத்தலோடு அலைந்த யுத்த காலத்தில் பழகிய பழக்கம், எங்கள் கராஜில் எப்போதும் நாலைந்து கேன் நிறைந்திருக்கும். பழையதை முதலில் எடுப்பேன், புதியதைப் பத்திரமாக வைப்பேன். ஆகவே அந்த மனிதருக்கு நான் ஊற்றிக் கொடுத்ததே ஆகப் பழைய பெற்றோல்.

"மச்சான், இருக்கியா?" என்றான் ஜவ்பர்.

"அந்த மடயன் நான்தான்" என்றேன்.

கடற்கரையே சிரித்தது. அவன் சிரித்து ஓய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "நீ செஞ்சது ஊர் முற. நானும் எஞ்சின் இரவல் வாங்கினா நிறச்சித்தான் குடுப்பன். ஆனா நம்மட எஞ்சின் ஒரு கிழம படுக்குமா? இது பத்து மாசம் உறங்குற சாமான். உறங்கப் போற புள்ளைக்கு வாய் நிறையச் சோத்த வெச்சி உடுவியா? சரி, உடு. கழட்டு. இத விடக் கேவலமான காபரேட்டர நான் கழுவிரிக்கன்."

அது எனக்குத் தெரியும். சுனாமியில் அவர்களுடைய வீடும் தோணியும் போய்விட்டன. எங்கள் ஒழுங்கையில் ஜனாஸா தூக்காத வீடு குறைவு. தங்கச்சி, ஜவ்பர், பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிய எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தபோது ஜவ்பர் மணலுக்குள் இருந்து தன் எஞ்சினைத் தோண்டி எடுத்தான். நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி, ஒவ்வொரு துளையாக மண் எடுத்து, தண்ணீர் நிறைந்த ஒரு தகரப் பரலுக்குள் இறக்கி வைத்து நாற்பதாவது நாள் ஸ்டார்ட் பண்ணினான். யாரிடமோ போனை இரவல் வாங்கி அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்க வைத்தான். பின்னால் பள்ளிக்கூடமே கைதட்டியது. நான் பாண் தொழிற்சாலையின் வாசலில் நின்று ஒப்பாரி வைத்தேன். மேற்பார்வையாளர் அன்றைக்கு எனக்கு லீவு தந்துவிட்டார்.

இப்போது அதே ஆள் போனில் நின்று, எந்த ஆணியை முதலில் கழற்றுவது என்று எனக்குச் சொன்னான். காபரேட்டருக்குள் பலாப்பால் மாதிரிப் பழுப்பாக ஒட்டியிருந்தது. ஹபீபாவின் ஊசியை எடுக்கப் போனேன். "ஊசி போடாத, ஓட்ட பெருத்திரும்" என்றான். பல் துலக்குகிற பிரஷ்ஷில் இருந்து ஒரு நார் பிடுங்கி, நேற்று வாங்கிய பெற்றோலில் தோய்த்து, துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திக் கழுவினேன். தாங்கிக்குள் கிடந்த சின்ன வடிகட்டியையும் கழுவினேன். பூட்டினேன். இரண்டு சின்ன ஆணி மிஞ்சியது. மறுபடியும் கழற்றிப் பூட்டினேன். புதுப் பெற்றோலில் ஒயில் கலந்து ஊற்றினேன்.

மூன்றாவது இழுப்பில் ஊதி அலறியது. கராஜில் இருந்த கடுதாசி, தூசு, ரிஃப்காவின் பழைய பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் பறந்தன. நான் போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தேன். அந்தப் பக்கத்தில் விசில் அடித்தார்கள். நித்திரையில் இருந்த ரிஃப்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"மகள்! மாமாட வேல கேக்குதா?" என்று ஜவ்பர் கத்தினான்.

"கேக்குது மாமா! தெருவுக்கே கேக்குது!" என்று அவளும் கத்தினாள். கோபமாகத்தான் தொடங்கினாள். பாதியில் சிரித்துவிட்டாள்.

6

ஊதியை மார்கரெட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாளை இவ்வளவு பெரிய காரியம் இருக்கிறதே, இப்போது எதற்கு என்று மூடிக்கொண்டேன். சுத்தமான கோழைத்தனம்.

"சொன்னீங்களா?" என்று ஹபீபா கேட்டாள்.

"இல்ல."

"அமானிதமா வாங்கின பொருள். நாமதான் கெடுத்த. சொல்லாம இருக்கக் குடாது."

"சொல்லுவன் புள்ள, சொல்லுவன்."

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கிரெக்கின் கார் வந்தது. நாங்கள் மூன்று பேரும் சமையலறை ஜன்னலில் நின்றோம். மார்கரெட் ஹரால்ட்டின் கோட்டைப் போட்டுக்கொண்டு, காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். முதல் இழுப்பு, ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பு, ஒன்றும் இல்லை. கிரெக் தாயின் பக்கம் ஓர் அடி வைத்தான்.  ஹபீபா ஸலவாத்து ஓதத் தொடங்கினாள். நூறு பேரிடம் கையெழுத்து வாங்கிய செயலாளர், "கமோன், கமோன்" என்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது இழுப்பில் ஊதி அலறியது. நாங்கள் மூன்று பேரும் கத்தியது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

இரண்டு மணி நேரம் மார்கரெட் நடந்தார். குனியவில்லை, அவசரப்படவும் இல்லை. முற்றத்தின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு இலைகளை ஓட்டிக்கொண்டு போனார். நடுவில் கிரெக் கிட்ட வந்து தரச் சொல்லிக் கையை நீட்டினான். அவர் குழாயை அவனுடைய காலுக்குத் திருப்பினார். ஐந்து மரத்து இலையும் அவன் மேல் பறந்தது. அவன் முதலில் திகைத்து நின்றான். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். ஓட்டிச் சேர்த்த குவியலைப் பையில் அள்ளுகிற வேலையை மட்டும் அவனுக்குக் கொடுத்தார். அவன் அள்ளினான்.

எல்லாம் முடிந்ததும் மார்கரெட் உள்ளே போய் அந்தப் படிவத்தை எடுத்து வந்தார். கிரெக்கின் முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டிவிட்டு, இலைப் பைக்குள் போட்டார். இலையோடு கடுதாசியைத் தவிர வேறொன்றும் போடக் கூடாது என்பது எங்கள் நகரசபை விதி. அவர் விதியை மீறவில்லை.

7

அந்தக் கிழமையே ஊதி எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் முற்றத்தை முடித்தேன். ஜவ்பர் சொல்லித் தந்தபடி தாங்கியில் இருந்ததை வெளியே ஊற்றி, எஞ்சின் தானாக நிற்கும் வரைக்கும் ஓட விட்டு, துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வெறுமையான பொருளைத் தூக்கிக்கொண்டு இன்னொருவருடைய படியேறுவது எனக்கு இதுதான் முதல் தடவை. உடுப்பில்லாமல் போகிற மாதிரி இருந்தது.

மார்கரெட் வாங்கியதும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அவருடைய முகம் வாடிவிட்டது.

"காலியாக இருக்கிறதே. என்னோடு ஏதும் கோபமா?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நிறைத்துக் கொடுத்தால் கெட்டுப்போகும் என்று தெரியாது, எங்கள் ஊரில் அப்படித்தான், கடற்கரையில் நிற்கிற என் மச்சான் போனில் சொல்லித்தான் விளங்கியது, நாலு வருஷமும் இதைக் கெடுத்தது நான்தான், ஹரால்ட்டைக் கஷ்டப்படுத்தியதும் நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆங்கிலம் எங்கெங்கோ உடைந்தது. அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"நீங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் இதைத் தந்துவிட்டுப் போனதும் ஹரால்ட் இந்த மூடியைத் திறந்து பார்ப்பார்" என்றார். "பார்த்துவிட்டுச் சிரிப்பார். 'மார்கரெட், என்னுடைய அடுத்த ஒக்டோபர் வந்துவிட்டது' என்பார். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். நாலு வருஷமும் அதே சிரிப்பு. இன்றைக்குத்தான் எனக்கு விளங்குகிறது."

"அவருக்குத் தெரியுமா?"

"நாற்பது வருஷம் இயந்திரத்தோடு இருந்த மனிதர்."

"அப்படியென்றால் நான் போன பிறகு கீழே ஊற்றியிருக்கலாமே!"

"நீங்கள் நிறைத்துக் கொடுத்ததை அவர் எப்படிக் கீழே ஊற்றுவார்?"

நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். மார்கரெட்டும் அழுதார், ஆனால் அவர் சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊதியைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"கொண்டுபோய் நிறைத்துக்கொண்டு வாருங்கள்."

"மிஸஸ் மார்கரெட், நிறைத்தால் அடுத்த ஒக்டோபரில் ஓடாது!"

"ஓட வேண்டாம். நீங்கள் இருக்கிறீர்கள், கடற்கரையில் உங்கள் மச்சான் இருக்கிறார். நான் இந்த வீட்டில்தான் இருப்பேன். ஒக்டோபரில் நம் மூன்று பேருக்கும் ஒரு வேலை வேண்டாமா?"

நான் எழுந்து போய், விளிம்பு வரைக்கும் நிறைத்துக்கொண்டு வந்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.